பக்கத்து ஃபேக்டரியோட சிஎஸ்ஆர் பணத்தை ஊருக்குக் கொண்டு வர்றது எப்படி, அதைவிடப் பெருசா வேற என்ன கேக்கலாம்

கம்பெனிக்காரங்க மனசு வச்சா தான் சிஎஸ்ஆர் (கம்பெனி தன் லாபத்துல ஒரு பங்கை சமூக வேலைக்குச் செலவு பண்றது) வரும்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. அது பாதி தான் சரி. செலவு பண்ணியே ஆகணும்ங்குறது சட்டம், ஆனா உங்க ஊர்ல தான் பண்ணணும்ங்குறது அவங்க இஷ்டம். அந்த இஷ்டத்தை நம்ம பக்கம் எப்படித் திருப்புறதுன்னு தான் இங்க எழுதுறேன், சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) பக்கம் இருக்குற ஊர்க்காரங்க, சின்ன டிரஸ்ட் நடத்துறவங்க, ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல இருக்குற பெற்றோர் இவங்கள மனசுல வச்சு எழுதுறது, மத்தவங்களும் படிக்கலாம்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம். 2013 கம்பெனிச் சட்டத்தோட 135வது பிரிவு, 2014 ஏப்ரல் 1லேந்து அமல்ல இருக்கு. முந்துன நிதியாண்டுல நிகர மதிப்பு (சொத்துல கடன் போக மிச்சம்) 500 கோடி, இல்லன்னா டர்ன் ஓவர் 1000 கோடி, அதுவும் இல்லன்னா நிகர லாபம் 5 கோடி, இந்த மூணுல ஏதாச்சும் ஒண்ணைத் தொட்டாலே போதும், முந்துன 3 வருஷ லாபத்தோட சராசரியில 2 சதவீதத்தை செலவு பண்ணியாகணும். உலகத்துலயே இந்தியா தான் முதல்ல இப்படி சட்டம் போட்டதுன்னு மேடையில எல்லாரும் பேசுவாங்க, ஆனா மொரீஷியஸ் 2009லயே 2 சதவீதம்னு கொண்டு வந்துட்டாங்க. சரி அது கெடக்கட்டும், 2022-23ல மட்டும் நம்ம நாட்டுல கிட்டத்தட்ட 30,000 கோடி இந்த வழியில செலவாயிருக்கு, சின்னப் பணம் இல்ல.

ஆனா உங்க ஊர்ப் பக்கத்துக் கம்பெனிக்கு எவ்ளோ வரும்னு நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாத்துட்டுப் போங்க. 3 வருஷ லாபம் 8 கோடி, 10 கோடி, 12 கோடின்னு வச்சுக்குவோம், சராசரி 10 கோடி, அதுல 2 சதவீதம் 20 லட்சம். அவ்ளோ தான், மொத்தமே. அந்த 20 லட்சத்துக்கு உங்களை மாதிரி பல பேர் வரிசையில நிப்பாங்க, அதுல போயி ஒரு கோடிக்குக் கல்யாண மண்டபம் கட்டித் தாங்கன்னு கேட்டா டீ குடுத்து அனுப்பிருவாங்க. இன்னொண்ணு, காம்பவுண்டு சுவரோட நீளத்தைப் பாத்து ஏமாறாதீங்க, 1500 கோடி டர்ன் ஓவர் பண்ற கம்பெனி 3 வருஷமா நஷ்டத்துல ஓடுனா அவங்க தர வேண்டியது சைபர், அதே ரோட்ல தகர ஷெட்ல நடக்குற ஏற்றுமதிக் கம்பெனி நல்ல லாபத்துல இருக்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் எங்க கெடைக்கும்னு கேட்டா, கம்பெனி வெப்சைட்லயே கெடைக்கும். சிஎஸ்ஆர் கமிட்டியில யார் யார், பாலிசி என்ன, போர்டு (இயக்குநர் குழு) ஒப்புதல் குடுத்த ப்ராஜெக்ட் என்னென்ன, இது மூணையும் வெப்சைட் இருக்குற கம்பெனி அதுல போட்டாகணும்னு விதியே இருக்கு. வருடாந்திர அறிக்கையில போர்டு அறிக்கையோட சிஎஸ்ஆர்னு ஒரு இணைப்பு இருக்கும், அதைத் தான் நிதானமா படிக்கணும். எந்த மாவட்டத்துல, எதுக்கு, எவ்ளோ, நேரடியாவா இல்ல எந்த டிரஸ்ட் மூலமா, எல்லாம் பல கம்பெனி அட்டவணையா போட்டிருப்பாங்க. மத்திய அரசோட தேசிய சிஎஸ்ஆர் போர்ட்டல்லயும் மாநிலம், கம்பெனின்னு தேடிப் பாக்கலாம். அரை நாள் உக்காந்து இதைப் பாத்தாலே பத்துல ஏழு கம்பெனியை லிஸ்ட்லேந்து அடிச்சிரலாம், ஏன்னா சில கம்பெனி மொத்தத்தையும் தங்களோட சொந்த ஃபவுண்டேஷனுக்கே குடுத்துருவாங்க, சில பேர் பிரதமர் நிவாரண நிதிக்கு ஒரே செக்கா போட்டு முடிச்சிருவாங்க. மிச்சம் இருக்குற மூணு பேர்கிட்ட தான் உங்க நேரத்தை செலவு பண்ணணும்.

உள்ளூருக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டத்துல வாசகம் இருக்கே, அதை வச்சு அடிச்சுக் கேக்கலாமான்னு சில பேர் கேப்பாங்க. வாசகம் இருக்கு, ஆனா அது வழிகாட்டுதல் மாதிரி தான், கட்டாயம் இல்லன்னு 2021ல கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் குடுத்துருச்சு. அதனால சண்டைக்கு அதை எடுத்துட்டுப் போகாதீங்க, ப்ரபோசல்ல ஒரு வரியா போடுங்க, "உங்க பிளான்ட்லேந்து இத்தன கிலோமீட்டர், உங்ககிட்ட வேலை பாக்குற இத்தன பேர் குடியிருக்குற ஊர்"னு. அந்த வரி நல்லா வேலை செய்யும்.

அடுத்தது டைமிங். நல்ல ப்ரபோசல் கூட பெரும்பாலும் இதுல தான் கோட்டை விடுது. கம்பெனிகளுக்கு வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச்ல முடியுது, அந்த வருஷத்துக்கு என்னென்ன பண்ணப் போறோம்னு கமிட்டி ஒரு திட்டம் போட்டு போர்டுல ஒப்புதல் வாங்கும். திட்டம் ஒப்புதல் ஆனப்புறம் ஜூலையில போயி நின்னா அடுத்த வருஷம் பாக்கலாம்னு தான் பதில் வரும். அதனால அக்டோபர்லேந்து டிசம்பருக்குள்ள பேச்சை ஆரம்பிச்சு ஜனவரியில ப்ரபோசல் அவங்க கையில இருக்குற மாதிரி பாத்துக்குங்க. அக்டோபர் 2 கிராம சபை இதுக்கு ரொம்பத் தோதான நாள், அங்கயே தேவையைத் தீர்மானமா போட்டு நகல் வாங்கிருங்க, அது விட்டுப் போச்சுன்னா நவம்பர் 1 இருக்கு, ஜனவரி 26 இருக்கு.

இதுல ஒரு பொந்தும் இருக்கு. அந்த வருஷப் பணத்தை மார்ச் 31க்குள்ள செலவு பண்ணலன்னா, தொடர் திட்டமா (பல வருஷம் நடக்குற வேலையா) இருந்தா 30 நாளைக்குள்ள தனி பேங்க் கணக்குல போடணும், தொடர் திட்டம் இல்லன்னா 6 மாசத்துக்குள்ள அரசு குறிப்பிட்டிருக்குற நிதிக்கு மாத்தணும், இல்லன்னா அபராதம். அதனால பிப்ரவரி கடைசியில சில கம்பெனி செலவாகாம கெடக்குற பணத்துக்கு எடம் தேடுவாங்க. பேப்பர் எல்லாம் ரெடியா, ஒரு மாசத்துல முடிக்கிற வேலையா, கொட்டேஷனோட வச்சிருக்குற ஆளுக்கு அப்ப ஃபோன் வரும். ரெடியா இல்லாத ஆளுக்கு வராது.

பேப்பர்னா என்னென்ன? பணத்தை வாங்கி வேலை பண்ற அமைப்பு பதிவான பொது டிரஸ்ட், சொசைட்டி, இல்லன்னா பிரிவு 8 கம்பெனியா (லாப நோக்கம் இல்லாத கம்பெனி) இருக்கணும், வருமான வரியில 12ஏ (அமைப்போட வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிச் சலுகை) ரெண்டும் இருக்கணும், எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) போர்ட்டல்ல சிஎஸ்ஆர்-1 ஃபாரம் போட்டு நம்பர் வாங்கியிருக்கணும். 2021 ஏப்ரல் 1லேந்து இந்த நம்பர் கட்டாயம், ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ கையெழுத்துப் போட்டுத் தருவாங்க. இதெல்லாம் விட முக்கியமானது, கம்பெனியே ஆரம்பிச்ச டிரஸ்ட்டா இல்லாத பட்சத்துல, அதே மாதிரி வேலையில 3 வருஷ அனுபவம் காட்டணும். போன மாசம் பதிவு பண்ண இளைஞர் மன்றத்துக்குக் கம்பெனி ஆசைப்பட்டாலும் தர முடியாது.

அதுக்காக மனசு விட வேண்டாம். உங்க மாவட்டத்துலயே நம்பர் வாங்குன, ஆடிட் ஒழுங்கா இருக்குற ஒரு டிரஸ்ட்டைப் புடிச்சு அவங்க பேர்ல ப்ரபோசல் போட்டு, களத்துல வேலையை நீங்க பாத்துக்கலாம். இல்லன்னா கம்பெனியே நேரடியா செலவு பண்ணலாம், காண்ட்ராக்டருக்கு அவங்களே பணம் குடுப்பாங்க, நமக்கு செக்கும் வேணாம் கணக்கும் வேணாம், வேலை நடந்தா போதும். அரசுப் பள்ளிக்குன்னா இன்னும் சுலபம், 2022 டிசம்பர்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்துல பள்ளியோட தேவையைப் பதிவு பண்ணி வச்சா கம்பெனிகள் அது வழியா குடுக்கலாம். ஹெட்மாஸ்டர்கிட்டயும் மேலாண்மைக் குழுகிட்டயும் பதிவாயிருக்கான்னு போயி கேளுங்க, பதிவு பண்ணியே இருக்க மாட்டாங்க சில எடத்துல.

எதுக்கெல்லாம் கேக்கலாம்னு கம்பெனிச் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில இருக்கு. குடிதண்ணி, சுகாதாரம், மருத்துவம், படிப்பு, தொழிற்பயிற்சி, பெண்கள் விடுதி, முதியோர் இல்லம், ஏரி குளம், நூலகம், கிராமப்புற விளையாட்டு, கிராம வளர்ச்சி, பேரிடர் வேலை, இப்படி நீளமான பட்டியல், கொஞ்சம் யோசிச்சா எந்த நியாயமான தேவையையும் இதுக்குள்ள கொண்டு வந்துரலாம். வராதது எதுன்னு தெரிஞ்சிக்கிறது தான் முக்கியம். கோயில் கும்பாபிஷேகம் வராது. கட்சிக்குக் குடுக்குறது வராது. கம்பெனியோட சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் பலன் போற வேலை வராது. பொங்கல் விளையாட்டு விழாவுக்கு பேனர் வச்சு ஸ்பான்சர் பண்றது, ஒரு நாள் மாரத்தான், விருது விழா, இதெல்லாம் கணக்குல வராதுன்னு 2014லயே சுற்றறிக்கை வந்துருச்சு. அந்த மாதிரி செலவுக்கு அவங்க விளம்பர பட்ஜெட்ல தனியா கேட்டுப் பாருங்க, இதுல கலக்காதீங்க.

இப்ப ஒரு குறிப்பிட்ட விஷயம், ஆர்ஓ பிளான்ட், அதாவது குடிதண்ணி சுத்திகரிக்கிற மெஷின். தொழிற்பேட்டை சுத்தி இருக்குற எந்த ஊருக்குப் போனாலும் ஒண்ணு நிக்கும், நீலக் கலர் ஷெட், மேல கம்பெனி லோகோ, முன்னால திறப்பு விழாக் கல்வெட்டு, 5 ரூபா காயின் போட்டா குடம் நெறையுற மெஷின். கதவு பூட்டியிருக்கும், பூட்டு துருப்புடிச்சிருக்கும். திறந்த வருஷம் நல்லா தான் ஓடியிருக்கும், அப்புறம் மெம்பிரேன் (தண்ணியை வடிகட்டுற சவ்வு) அடைச்சிருக்கும், அதை மாத்த காசு குடுக்க வேண்டியது கம்பெனியா பஞ்சாயத்தா டிரஸ்ட்டான்னு எங்கயும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க. ஈபி பில் யார் பேர்ல வருதுன்னு கேட்டா மூணு பேர் மூணு பதில் சொல்வாங்க. காலையில வந்து மோட்டார் போடுற ஆளுக்கு ஆரம்பத்துல குடுத்த சம்பளம் நின்னு போயிருக்கும், அவரும் வேற வேலைக்குப் போயிருப்பார். வெளிய தள்ளுற உப்புத் தண்ணி பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போயி அது வேற தனிச் சண்டை. கம்பெனி கணக்குல மட்டும் அது "நிறைவேற்றப்பட்ட திட்டம்", ஃபோட்டோவோட.

இதுக்குக் கம்பெனியை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், கேட்டவங்களும் ஷெட்டைத் தானே கேட்டாங்க, ஓட்டுறதைக் கேக்கல. ஒரு பொருளை வாங்குறதுக்கு எவ்ளோ ஆகும்னு எழுதுறப்பவே 3 வருஷம் அதை ஓட்ட எவ்ளோ ஆகும்னு கீழயே எழுதணும், மெம்பிரேன், ஃபில்டர், கரண்ட், ஆள் சம்பளம், எல்லாத்தையும். தொடர் திட்டம்னு எடுத்தா ஆரம்பிச்ச நிதியாண்டு போக இன்னும் 3 வருஷம் வரைக்கும் கம்பெனி செலவு பண்ண சட்டத்துலயே வழி இருக்கு. அப்புறம் சொத்து யார் பேர்லங்குறது. கம்பெனி தன் பேர்ல வச்சுக்க முடியாது, சிஎஸ்ஆர் நம்பர் இருக்குற டிரஸ்ட் பேர்லயோ, மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி பயனாளிகள் அமைப்பு பேர்லயோ, பஞ்சாயத்து மாதிரி அரசு அமைப்பு பேர்லயோ தான் இருக்கணும். என்னைக் கேட்டா தண்ணி விஷயத்துல குழு பேர்ல வச்சு காயின் காசை அவங்களே எடுத்து அவங்களே பராமரிக்கிறது தான் நிக்குது, எதுக்கும் பஞ்சாயத்து தீர்மானம் ஒண்ணு கூட இருக்கட்டும்.

ப்ரபோசல் எழுதுறதைப் பத்தி. நாலு பக்கத்துக்கு மேல போகாதீங்க, முதல் பக்கத்துலயே எல்லாம் தெரியணும். "எங்கள் பள்ளியில் அடிப்படை வசதிகள் இல்லாமல் மாணவிகள் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகின்றனர்"னு எழுதுனா அது அவங்க அன்னிக்குப் படிக்கிற பத்தாவது அப்படிப்பட்ட வரி. அதே விஷயத்தை "140 பொண்ணுங்க, 4 டாய்லெட், அதுல தண்ணி வர்றது 1, மதியத்துக்கு மேல வீட்டுக்குப் போற பொண்ணுங்க மாசத்துக்கு இத்தன பேர், அட்டெண்டன்ஸ் நகல் இணைச்சிருக்கோம்"னு எழுதிப் பாருங்க (நம்பர் உதாரணத்துக்கு, உங்க பள்ளியில நீங்க எண்ணுங்க). அதுக்கப்புறம் என்ன பண்ணப் போறோம், மூணு கொட்டேஷன், யார் சுத்தம் பண்ணுவாங்க, அவங்க சம்பளம் எங்கேந்து, போர் தண்ணியா பஞ்சாயத்துத் தண்ணியா, ஒரு வருஷம் கழிச்சு எதை எண்ணி இது வேலை செஞ்சுதுன்னு சொல்லப் போறோம். சுத்தம் பண்ற ஆள் சம்பளத்தை பட்ஜெட்ல போடக் கூச்சப்படுவாங்க நம்மாளுங்க, போடுங்க, நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்னு இருக்குற வரம்பு கம்பெனி தன்னோட ஆபீஸ்ல பண்ற செலவுக்குத் தான், களத்துல திட்டத்தை நடத்துற செலவுக்கு இல்ல. இங்லீஷ்ல ஒரு காப்பி கண்டிப்பா வேணும், முடிவெடுக்குறவங்க மும்பையிலயோ குர்கான்லயோ இருக்கலாம்.

யார்கிட்ட குடுக்குறதுன்னா ரெண்டு எடத்துலயும். ஹெட் ஆபீஸ் சிஎஸ்ஆர் மெயில் ஐடிக்கு மட்டும் அனுப்பிட்டுக் காத்திருந்தா அது அப்படியே கெடக்கும். லோக்கல் பிளான்ட்ல ஹெச்ஆர் ஹெட்டையோ அட்மின் மேனேஜரையோ நேர்ல பாருங்க, அவரைக் கூட்டிட்டு வந்து அந்த டாய்லெட்டைக் காட்டுங்க, அவர் மேலிடத்துக்கு ஒரு மெயில் போட்டார்னா அதுக்கு இருக்குற வெயிட் நம்ம பத்து லெட்டருக்கு இல்ல. அவருக்கும் ஊர்க்காரங்களோட சுமுகமா இருக்கணும்ங்குற தேவை இருக்கு, ரோட்ல லாரி ஓடணுமே.

பணம் வர ஆரம்பிச்சா தனி பேங்க் கணக்கு, தனி லெட்ஜர். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தவணை எப்ப எப்ப, பில் எந்த ஃபார்மட்ல, வேலை லேட்டானா என்ன, பெயர்ப் பலகையில லோகோ எவ்ளோ பெருசு, எல்லாம் படிங்க. கம்பெனியோட சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) பணம் சொன்ன வேலைக்குத் தான் போச்சுன்னு சான்று குடுக்கணும், அதனால அவங்க பில் கேட்டுத் தொல்லை பண்ணா கோவப்படாதீங்க. கொரியா, ஜப்பான் கம்பெனியோட இந்தியக் கம்பெனி குடுத்தா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வாங்குறதுக்கான அனுமதி) வேணுமான்னு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அடிக்கடி கேப்பாங்க, பங்கு அந்நிய முதலீட்டு வரம்புக்குள்ள இருந்தா அதை வெளிநாட்டுப் பணமா எடுத்துக்க வேண்டாம்னு 2016ல சட்டத்தைத் திருத்துனாங்க, இருந்தாலும் ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே வாங்குங்க.

ப்ரோக்கர்னு ஒரு ஜாதி சுத்திட்டு இருக்கு, ஜாக்கிரதை. "எனக்கு அந்தக் கம்பெனியில ஆள் இருக்கு, 50 லட்சம் உங்க டிரஸ்ட்டுக்கு வரும், 30ஐ கேஷா திருப்பிக் குடுத்துருங்க"ன்னு வருவாங்க. முன்பணமா ப்ராசஸிங் ஃபீஸ் கேக்குற ஆளும் உண்டு, அது நேரடி ஏமாத்து வேலை. முதல் வகையில பணம் நெஜமாவே வரும், மாட்டுறப்போ மாட்டுறது டிரஸ்டி தான், 12ஏ போச்சுன்னா திரும்ப வாங்குறதுக்குள்ள உயிர் போயிரும். பேச்சையே வளர்க்காதீங்க.

இவ்ளோ சொல்லிட்டேன், இப்ப எனக்கு நெஜமா முக்கியம்னு படுறதைச் சொல்றேன். மேல போட்ட அதே கம்பெனியை எடுத்துக்குங்க, வருஷம் 20 லட்சம் சிஎஸ்ஆர். அதே கம்பெனி கேன்டீனுக்கு அரிசி காய்கறி வாங்குது, யூனிஃபார்ம் தைக்குது, வேன் ஓட்டுது, பேக்கிங் பெட்டி வாங்குது, செக்யூரிட்டி வைக்குது, சம்பளம் குடுக்குது. இந்தச் செலவு அந்த 20 லட்சத்தைப் போல எத்தனையோ மடங்கு. அதுல ஒரு சின்னப் பங்கு ஊருக்குள்ள திரும்புனாலே சிஎஸ்ஆர் எல்லாம் தூசு. ஒரு கம்பெனி வந்தா ஏரியா வளருதா இல்லையாங்குறது அவங்க கட்டிக் குடுத்த கட்டடத்துல இல்ல, யாரை வேலைக்கு வச்சாங்க யார்கிட்ட வாங்குனாங்கங்குறதுல இருக்கு. அதனால அந்த ஹெச்ஆர்கிட்ட உக்காரும்போது இந்தப் பேச்சையும் எடுங்க.

வேலைன்னா நேரா பர்மனென்ட் கேட்டா கெடைக்காது, அப்ரன்டிஸ்லேந்து (தொழில் பழகுநர்) ஆரம்பிங்க. 30 பேர், அதுக்கு மேல வேலை பாக்குற எந்த நிறுவனமும் மொத்த ஆள்ல 2.5லேந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரன்டிஸ் எடுத்தே ஆகணும், காண்ட்ராக்ட் ஆளையும் சேத்து தான் கணக்கு. ஆயிரம் பேர் வேலை பாக்குற பிளான்ட்னா குறைஞ்சது 25 பேர். ஊர்ல ஐடிஐ, டிப்ளமோ முடிச்ச பசங்க பொண்ணுங்க லிஸ்ட்டை சர்டிபிகேட் நகலோட ஒரு ஃபைலா போட்டுக் குடுங்க, பசங்களே அப்ரன்டிஸ் போர்ட்டல்ல பதிவு பண்ணியிருந்தா இன்னும் நல்லது. கம்பெனிக்கு அது எப்படியும் எடுக்க வேண்டிய எண்ணிக்கை, நீங்க தேடுற வேலையை மிச்சம் பண்ணித் தர்றீங்க.

வாங்குற பக்கம், சுயஉதவிக் குழு தையல் யூனிட்டோ லேத் பட்டறையோ முதல்ல உத்யம் (மத்திய அரசோட சிறுதொழில் பதிவு) பதிவு போடணும், இலவசம் தான், காசு கேக்குற வெப்சைட்ல போடாதீங்க. அப்புறம் வென்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபாரம் வாங்கி, ஜிஎஸ்டி இருந்தா அதையும் சேத்துக் குடுத்து, சின்ன ஆர்டர் ஒண்ணு கேளுங்க, 200 யூனிஃபார்ம், 500 துணிப்பை, அந்த மாதிரி. பெரிய ஆர்டரை ஆசைப்பட்டு எடுத்துட்டு துணி வாங்கக் கடன் வாங்கி, அந்தப் பக்கம் பில் 120 நாள் இழுத்து, குழுவே உடைஞ்ச கதை திருப்பூர் கரூர் பக்கம் கேட்டா நெறைய சொல்வாங்க. இதுக்குத் தான் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாள், அதுக்குள்ள குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் வந்தாகணும். ஒப்பந்தத்துல 90 நாள்னு போட்டிருந்தாலும் 45 தான் செல்லும். தாண்டுனா ரிசர்வ் பேங்க் வட்டியைப் போல 3 மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருஷத்துலேந்து இன்னொரு புடியும் வந்துருக்கு, இப்படி லேட் பண்ண தொகையைப் பணம் குடுக்குற வரைக்கும் வாங்குன கம்பெனி தன் வருமான வரியில செலவா காட்ட முடியாது, மார்ச் மாசம் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல அதைச் சொன்னாலே செக் நகரும். அப்பவும் வரலன்னா மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் போடலாம்.

ஒரே ஒரு விஷயம் பாத்துக்குங்க, இந்த 45 நாள் பாதுகாப்பு தயாரிக்கிறவங்களுக்கும் சர்வீஸ் பண்றவங்களுக்கும் தான், வெறுமனே வாங்கி விக்கிற வியாபாரிக்கு உத்யம் நம்பர் இருந்தாலும் இது கெடையாது, அதனால பதிவு போடும்போதே தையல்னா தையல் உற்பத்தின்னு சரியான பிரிவுல போடுங்க, துணி வியாபாரம்னு டிக் அடிச்சிட்டு வந்துறாதீங்க.